ஹனீபா நானா வீட்டுத் தீராந்தி

சோதனைக்கூடத்துப் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வுபெற்ற எல்லோரும் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமென்று துவாரகா தொலைபேசி எடுத்து எடுத்து என் உயிரை வாங்கிவிட்டாள். அவள் இப்போது அங்கே தொழினுட்ப உத்தியோகத்தர். ஓய்வுபெறும்போது என் மேசையை அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். என்னத்தை எழுதுவது என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கோ மிஸ் என்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பொருளை நிறுப்பது, நனைப்பது, காயவைப்பது, முறிப்பது, பிறகு திருப்பி நிறுப்பது. இதை வாசிக்க யார் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்?

உண்மையைச் சொன்னால் நான் களைத்துப்போனேன். முழங்கால் நோவைச் சொல்லவில்லை, அது வயதோடு வந்தது. வேலைக்காலம் முழுவதும் ஆட்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, இது நல்ல சாமானோ என்று கேட்பார்கள். நல்லது என்று சொல்லிவிடு என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். அரைவாசிப் பேருக்கு நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இல்லை சொல்லிச் சொல்லியே ஒரு ஆள் களைக்கலாம் என்று வேலைக்குச் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உயர்தரம் முடித்து, கொழும்பில் கொஞ்சக்காலம் பயிற்சி எடுத்து, யாழ்ப்பாணத்துக்கு உதவியாளராக வந்தேன். கட்டட வேலைகளுக்கு வரும் கல், மணல், கொங்கிறீட், மரம் இவற்றைச் சோதித்துத் தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் படித்ததெல்லாம் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாயிருந்த நவரத்தினம் சேரிடம்தான்.

சேர் மெலிந்த ஆள். மழை இல்லாத நாளிலும் குடை கொண்டுவருவார். யாரையும் ஏசமாட்டார், புகழவும் மாட்டார். முதல் நாள் ஒரு பாலைமரத் துண்டைத் தந்து நிறுக்கச் சொன்னார். நிறுத்துக் காட்டினேன். "திருப்பி நிறும், பிள்ளை" என்றார். திருப்பி நிறுத்தேன். நிறை கொஞ்சம் மாறியிருந்தது. "திருப்பி நிறும்." மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இதுதான் நடந்தது. கடைசியில் நான் அழப்போகிறேன் என்று தெரிந்ததும் யன்னலைக் காட்டினார். காலையில் பூட்டியிருந்த யன்னலை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். காற்று தராசுத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவேயில்லை. நிறையை மட்டும் பார்க்கக்கூடாது, நிறுக்கிற இடத்தையும் பார்க்கவேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. யன்னலைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. சோதனைக்கு எந்த மரம் வந்தாலும், தராசில் வைக்கமுதல் அறுத்த முகத்தைத் தன் சேர்ட்டில் துடைத்து நாக்கு நுனியில் ஒற்றிப் பார்ப்பார். எத்தனை லொறியில் உருண்டு, எத்தனை பேரின் காலடியில் கிடந்து வந்த மரமோ என்று எனக்குக் குமட்டும். ஒருநாள் என் முகத்தைக் கண்டுவிட்டார்.

"மரம் எவ்வளவு பாரமெண்டு தராசு சொல்லும், பிள்ளை. எங்கை கிடந்து வந்ததெண்டு நாக்குத்தான் சொல்லும்."

நான் தலையாட்டினேன். ஆனால் அதை மட்டும் கடைசிவரை பழகவில்லை.

வீட்டில் வைத்து அளக்கும் பழக்கம் யுத்தகாலத்தில் வந்தது. மின்சாரம் இல்லை. சோதனைக்கூடக் கட்டடத்தில் செல் விழுந்து அரைவாசிதான் மிச்சம். தராசைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி அரியாலையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகை போடப் பனைமரக் கைமரங்கள் வந்திருந்தன. மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அறிய, துண்டை நிறுத்து, முழுக்கக் காயவைத்து, திருப்பி நிறுக்கவேண்டும். குறைந்த நிறைதான் ஈரம். காயவைக்கிற மின்சாரப் போறணை வேலை செய்யாது. கச்சான் வறுக்கிற மணல் தாச்சியை விறகடுப்பில் ஏற்றி, மணலுக்குள் மரத்துண்டுகளைப் புதைத்து வைத்தேன். குசினி முழுவதும் பனை வாசம். பாதிக்குமேல் வைரம் பாயாத இளம் மரம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தார், பிள்ளைகள் வெயிலில் இருந்து படிக்கிறது உங்களுக்குச் சந்தோசமோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வேறு மரம் தேடிப் போட்டார்கள். அந்தக் கொட்டகை விழவில்லை. விழாத கொட்டகைக்காக யாரும் நன்றி சொல்லுவதில்லை.

இனி எழுதப்போவது ஓய்வுபெற்றபின் நடந்தது. வேலைக்காலத்துக் கணக்கில் வராது என்று துவாரகா நினைத்தால் வெட்டிவிடட்டும்.

ஹனீபா நானாவை எனக்குப் பழைய சோதனைக்கூட நாட்களிலிருந்தே தெரியும். அவருடைய வாப்பாவின் இரும்புக்கடையில்தான் நாங்கள் ஆணியும் கம்பியும் வாங்குவோம். நானாதான் நிறுத்துத் தருவார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை எல்லாம் வெளியேற்றியபோது அவர்களும் புத்தளத்துக்குப் போனார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு அவரும் மனைவியும் கடைசி மகனும் மட்டும் திரும்பி வந்தார்கள். சகோதரங்கள் புத்தளத்திலேயே ஊன்றிவிட்டார்கள். வாப்பாவும் உம்மாவும் அங்கேயே மௌத்தாகிவிட்டார்கள்.

ஊரில் வீடென்று இருந்தது சுவர்கள்தான். ஓடு, கைமரம், சிலாகை, கதவு, யன்னல் எல்லாவற்றையும் யார்யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோலின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குக் குறுக்கே கிடந்த பெரிய தீராந்தி மட்டும் நின்றது. கழற்றப் பார்த்திருக்கிறார்கள், கோடரித் தழும்பு இருந்தது. அசைக்க முடியாத பாரம். கறுத்த மரம். ஊரில் மரவேலை செய்கிற எந்த ஓடாவியாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. வாப்பா தன் இளவயதில் கப்பலில் எடுப்பித்த மரம் என்பது மட்டும் நானாவுக்குத் தெரியும்.

வீட்டைத் திருத்தக் கையெழுத்து வைக்கும் அதிகாரிகள், பழைய மரத்தின்மேல் கூரை போடுவதென்றால் சோதனைக்கூடத்து அறிக்கை வேண்டுமென்றார்கள். துவாரகா போய்ப் பார்த்திருக்கிறாள். அவளிடம் இப்போது கையடக்கமான ஈரமானி ஒன்று இருக்கிறது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவென்று இலக்கம் காட்டும். இலக்கம் உச்சிக்கே போய்ச் சிவப்பு வெளிச்சம் எரிந்ததாம். உள்ளே உக்கிப் பழுதாகியிருக்கக்கூடும், கழற்றிவிடவும் என்று எழுதிவிட்டாள். நானும் அந்த இடத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நானா அந்த அறிக்கையோடு ஓட்டோ பிடித்து அரியாலைக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மிஸ், கழட்டத்தான் வேணுமெண்டா கழட்டுறன். ஆனா அந்த வீட்டிலை எங்கடையெண்டு மிச்சமிருக்கிறது உது ஒண்டுதான். நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்க சொன்னாக் கேப்பன்."

நீங்கள் சொன்னால் கேட்பேன் என்பவர்கள்தான் ஆளைக் களைக்கச் செய்வது. கோபித்துக்கொண்டு போகிறவர்களோடு எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துண்டு கொண்டுவந்தீர்களா என்று கேட்டுவிட்டேன்.

தீராந்தியின் ஒரு முனை பின்பக்க வெளிச்சுவரைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஓடாவியாரைக்கொண்டு சில துண்டுகள் வெட்டுவித்துத் தந்தார். வாள் இரண்டு இடத்தில் பல்லுப் போனதாம். வெட்டிய முகம் கறுப்பும் ஊதாவுமாக, சீரகத்தின் சாயலில் ஒரு வாசத்தோடு இருந்தது. நான் அப்படி ஒரு மரத்தைக் கண்டதில்லை.

கேக்குக்கு மா நிறுக்கிற மின்தராசுதான் எனக்கு இப்போது சோதனைக்கூடம். ஒரு துண்டை நிறுத்தேன். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, துண்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தேன். அப்போது தராசு எத்தனை கிராம் கூடுகிறதோ அத்தனை மில்லிலீற்றர்தான் மரத்தின் கனவளவு. நூலை விட்டதும் துண்டு கல்லைப்போல அடியில் போய்க் குந்தியது. அதே அளவில், எங்கள் ஊர்க் கூரைகளுக்குப் போடும் முதிரை மரத்துண்டு ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தேன். முதிரை மிதந்தது.

வளைவு பார்க்க, அந்த மரத்தில் நீளவாக்கில் கீறிய மெல்லிய சட்டம் ஒன்றை இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கிடத்தி, நடுவில் வாளியைத் தொங்கவிட்டுச் சுண்டுச் சுண்டாகத் தண்ணீர் ஊற்றினேன். இரு முனைக்கும் நேராக இழுத்துக் கட்டிய நூலிலிருந்து நடுப்பகுதி எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டத்தால் பார்ப்பது. முதிரையைவிடக் குறைவாகத்தான் இறங்கியது. மேலும் ஊற்ற, வாளியின் பிடி கழன்று குசினி வெள்ளமானது. மரத்துக்கு ஒன்றும் இல்லை.

ஈரம்தான் என் உயிரை எடுத்தது. துண்டைப் போறணையில் மெல்லிய சூட்டில் வைத்து, எடுத்து நிறுத்து, திருப்பி வைத்து, நிறை இறங்காமல் ஒரே இடத்தில் நிற்கும்வரை காயவைத்தேன். இழந்த நிறையைப் பார்த்தால் ஈரம் சாதாரண அளவுதான். ஈரமானி சொன்னதில் அரைவாசிகூட இல்லை. இதோடு நல்லது என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நவரத்தினம் சேர் செத்தும் என்னை விட்டபாடில்லை. மேசையில் வைத்த துண்டை அடுத்தநாள் காலையில் திருப்பி நிறுத்தேன். இழந்த நிறை முழுவதையும் பிடித்திருந்தது. மேலே தொட்டால் பிசுபிசுப்பு. பக்கத்தில் கிடந்த முதிரை கொஞ்சம்தான் கூடியிருந்தது. இவ்வளவு இறுக்கமான மரம் இத்தனை வேகமாக ஈரம் குடிக்க நியாயமில்லை.

திரும்பவும் போறணை. திரும்பவும் அதே கதை. தராசின் பற்றரியை மாற்றினேன். யன்னலைப் பூட்டினேன். வேறு துண்டு எடுத்தேன். கார்த்திகை மாதக் காற்று, வெயில் காலத்தில் செய்திருக்கவேண்டும் என்று என்னையே ஏசிக்கொண்டேன். குசினிக்குள் எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இண்டைக்கும் பலகைக் கேக்தானோ? சீனி போட்டனீரோ?"

கோபத்தில் அவரோடு ஏதோ கதைக்கத் திரும்பினேன். கையில் துண்டு இருந்தது. சேரின் நினைவு வந்தது அப்போதுதான். யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், அறுத்த முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்து நாக்கில் ஒற்றினேன்.

உப்பு.

எங்கள் ஊரில் பனை, தென்னை மரங்களைக் கறையான் தின்னாமல் இருக்க கடல்நீரேரிக்கரைச் சேற்றில் மாதக்கணக்கில் தாழ்த்து வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரியாலையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? ஆனால் கப்பலில் எடுப்பித்த விலைகூடிய மரத்தைக் கொண்டுபோய் யாராவது சேற்றில் தாழ்ப்பார்களா என்று ஒரு நினைப்பு. நானாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். நினைவுபடுத்திச் சொன்னார்.

"ஓம் மிஸ். நான் சின்னப் பொடியன். உங்கடை பக்கத்துக் கரையிலைதான் தாட்டவங்க. வாப்பா என்னைத் தூக்கி அதுக்கு மேலை நிப்பாட்டினவர். நான் அது வேறை மரமெண்டெல்லோ நினைச்சனான்."

மரத்துக்குள் ஊறிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. ஈரமானி மரத்துக்குள் மின்சாரத்தை விட்டுத்தான் ஈரம் பார்க்கிறது, உப்பிருந்தால் மின்சாரம் இலகுவாகப் பாயும். அதற்கு உப்பும் ஒன்று, ஈரமும் ஒன்று. நிச்சயப்படுத்த, கொஞ்சம் சீவலைத் தண்ணீரில் அவித்து, வடித்து, அந்தத் தண்ணீரைத் தாச்சியில் வற்றவிட்டேன். அடியில் வெள்ளைப் படை பிடித்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. நல்ல செய்தி சொல்லக் கிடைப்பது என் தொழிலில் வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா.

உப்பைப் போத்தலில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். துவாரகா முகம் சுளிக்கவில்லை. நல்ல மரத்துண்டு ஒன்றை உப்புத்தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு, நாலு நாளைக்குப் பிறகு ஈரமானியைக் குத்திப் பார்த்துச் சிவப்பு எரிகிறது என்று தானே தொலைபேசி எடுத்தாள். அறிக்கையை மாற்றி எழுதுகிறேன் மிஸ் என்றாள். அத்தோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

"மற்ற முனை பாத்தனீங்களோ மிஸ்?"

நான் பார்க்கவில்லை. என்னுடைய துண்டுகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் வெட்டியவை. மற்ற முனை வாசல்பக்கச் சுவருக்குள் புதைந்திருந்தது. ஏணியில் ஏற என் முழங்கால் விடாது. விட்டிருந்தாலும், அன்றைய சந்தோசத்தில் போயிருப்பேனா என்று தெரியவில்லை. அவளை எனக்குப் பதிலாக மேசையில் இருத்தியது சரிதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவள்மேல் எரிச்சலும் வந்தது.

இரண்டு பேருமாகப் போனோம். ஹனீபா நானா நல்ல செய்தி வருகிறது என்று நினைத்து, மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். மேசன் வாசல்பக்கச் சுவரில் நாலு கல்லைக் கழற்றினார். துவாரகா ஏணியில் ஏறிக் குத்தூசியை வைத்து அமத்தினாள். வெளிமுனையில் நுனிகூட இறங்காத ஊசி, இங்கே பிடிவரைக்கும் இறங்கியது. கிள்ளி எடுத்த துண்டைக் கீழே நீட்டினாள். தேத்தண்ணியில் ஊறிய பாண்போல விரலில் உதிர்ந்தது. நாக்கில் ஒற்றினேன். உப்பு இல்லை. கூரையில்லாத வீட்டில், மாரிக்கு மாரி சுவர்வழியே இறங்கிய மழை, வெளிமுனையைப்போல வெயிலில் காயாமல் உள்ளேயே தேங்கி, அந்த முனையிலிருந்த உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போயிருந்தது. காவல் போனபின் உக்கல் வந்துவிட்டது.

துவாரகா ஊசியைக் குத்திக் குத்தி நல்ல மரம் தொடங்கும் இடத்தைக் கரித்துண்டால் அடையாளம் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லவேண்டியது நான்தான். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது பழகிய வேலை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

நானா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு பழுது, மிஸ்?"

"ரெண்டு முழம் வரும், நானா."

"அதை வெட்டிவிட்டா மிச்சம் கூரையைத் தாங்குமோ?"

"மிச்சம் இரும்பு மாதிரி. தாங்கும். ஆனா சுவருக்கு எட்டாதே."

அவர் தீராந்தியின் கீழ் நடந்து கரிக்கோட்டுக்கு நேரே போய் நின்றார். காலால் தரையில் ஒரு கோடு இழுத்தார். பிறகு மேசனைப் பார்த்து, இதிலை சுவரை எழுப்பேலுமோ என்று கேட்டார். மேசனுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான். மகன் ஓடிவந்து, ஹோல் சின்னனாப் போயிடும் வாப்பா, கொங்கிறீட் போட்டால் முழு ஹோலும் கிடைக்குமே என்றான். நியாயமான பேச்சு. சோதனைக்கூடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நாங்க பதினொரு பேர் படுத்த ஹோல் இது, மகன்" என்றார் நானா. "இப்ப இருக்கிற ஆக்களுக்கு இவ்வளவு காணும்."

துவாரகா ஏணியிலிருந்து இறங்கித் தன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

பழைய வாசல் சுவரை இடித்துவிட்டு அப்படித்தான் கட்டினார்கள். அந்த மரத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மாரியில் தீராந்தி வேர்க்கிறது மிஸ் என்று நானா தொலைபேசி எடுப்பார். அது வேர்க்கத்தான் செய்யும், துணியால் துடைத்துவிடுங்கோ என்பேன். போன நோன்புப் பெருநாளுக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். புதுச் சுவருக்கு வெளியே, வாசல் பக்கமாக, பழைய ஹோலின் சிவப்புத் தரை இரண்டு முழ அகலத்துக்கு வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. நானா அதை உடைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள்.